வீடு மாறுகிறோம்: லோடுமேன் அண்ணன்களுக்குக் கூலிக்கு மேலே எவ்வளவு கொடுப்பது?

எல்லிஸ்நகர்க்காரன் – செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். பதினேழு வருஷ வாடகை வாசம் முடிந்து வைகாசியில் நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிறோம். சொந்த வீடு, அளவில் சிறியது ("சின்ன வீடு" என்று எழுதினால் இங்கே சும்மா விடமாட்டீர்கள்). இப்போது இருப்பது மதுரை எல்லிஸ் நகரில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது.

காளவாசலில் குட்டியானை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிவிட்டேன். வண்டி இரண்டு நடை, நான்கு ஆள், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பேசி முடித்துக் கிளம்பும்போது, "அப்புறம் பசங்களுக்கு நீங்க பார்த்துச் செய்ங்க சார்" என்றார். இந்தப் "பார்த்துச் செய்ங்க"தான் குடைகிறது. எவ்வளவு பார்க்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும்?

ஆளுக்கு நூறா, ஐந்நூறா? வண்டிக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாமா? ஜிபே போட்டால் தப்பாக நினைப்பார்களா? என் மனைவி ஓட்டல் கணக்காகப் பத்து சதவீதம் என்கிறாள். அம்மா, "டீ வாங்கிக் குடுத்தாப் போதும், காசைக் காட்டிப் பழக்காதே" என்கிறார். இருவருக்கும் நடுவில் நான்.

ஒத்தக்கடை மாமா – செவ்வாய், இரவு 9.31

மாப்பிள்ளை, ஆளுக்கு 200, டீ வடை தனி. முடிந்தது. இதற்கு ஒரு இழையா?

கணக்குப்பிள்ளை – செவ்வாய், இரவு 10.05

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 7,500 பேசியிருக்கிறீர்கள், 7,500 கொடுங்கள். எலக்ட்ரீசியன் வந்து பேன் மாட்டினால் பேசியதற்கு மேலே கொடுக்கிறோமா? ஒருத்தர் கொடுத்தால் அடுத்த வீட்டில் அதை உரிமையாகக் கேட்கிறார்கள்.

என் அனுபவம் சொல்கிறேன். போன வருஷம் கூடல்நகரிலிருந்து ஆனையூருக்கு மாறினேன். பேசிய கூலிக்கு வந்தார்கள், ஏற்றினார்கள். புது வீட்டு வாசலில் பிரிட்ஜை இறக்கித் தெருவில் வைத்துவிட்டு, "சார், ரெண்டாவது மாடின்னு சொல்லவே இல்ல, இன்னொரு ரெண்டாயிரம் ஆகும்" என்று நின்றுவிட்டார்கள். மணி மதியம் ஒன்று. பிரிட்ஜ் ஒரு பக்கம், மெத்தை ஒரு பக்கம், என் பையனின் பாடப் புத்தகமெல்லாம் வெயிலில். தெருவே வேடிக்கை பார்க்கிறது. கொடுத்தேன், வேறென்ன செய்வது? அன்றோடு, கூலிக்கு மேலே கொடுக்கிற காசுக்குச் சொல்லும் இந்தச் "சந்தோஷம்" என்கிற வார்த்தையே எனக்கு ஆகாது.

சுந்தரி அக்கா – செவ்வாய், இரவு 10.20

தம்பி, நீங்கள் இரண்டாவது மாடி என்று முதலிலேயே சொன்னீர்களா இல்லையா?

கணக்குப்பிள்ளை – செவ்வாய், இரவு 10.24

அவர்கள் கேட்கவில்லை.

ஒத்தக்கடை மாமா – செவ்வாய், இரவு 10.26

சரிதான்.

வைகைக்கரை – செவ்வாய், இரவு 10.48

கணக்குப்பிள்ளை அண்ணே, தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டது அடாவடிதான், அதில் பேச்சில்லை. ஆனால் அதை இனாமோடு சேர்க்காதீர்கள். அது கூலித் தகராறு. வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு மாடிக் கணக்கு என்று ஒன்று உண்டு. தரைத்தளத்துக்கு ஒரு ரேட், ஒவ்வொரு மாடிக்கும் தலைக்கு இவ்வளவு கூட. அதைப் போனில் பேசாமல் விட்டால் வாசலில் பேச வேண்டி வரும்.

நான் கொச்சியில் ஆறு வருஷம் இருந்தவன். அங்கே நோக்குக்கூலி என்று ஒன்று இருந்தது. நம் சாமானை நாமே இறக்கினாலும், அந்தப் பகுதிச் சுமைத் தொழிலாளிகள் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி. 2018 மே 1 முதல் இனி கிடையாது என்று கேரள அரசே அறிவித்தது. அதற்கப்புறமும் அங்கங்கே புகார் வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மதுரைக்கு வந்தால், "பார்த்துச் செய்ங்க" என்று கும்பிடு போடுகிறவரை அடாவடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

டல்லாஸ் தமிழன் – புதன், அதிகாலை 1.15

இங்கே அமெரிக்காவில் இது எழுதாத சட்டம். அரை நாள் வேலைக்கு ஆளுக்கு 20 டாலர், முழு நாள் என்றால் 40 என்று பலரும் சொல்வார்கள். படி அதிகம், பியானோ இருக்கிறது என்றால் இன்னும் கூட. பெரும்பாலும் ரொக்கம், தனித்தனியாகக் கையில்.

நான் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு அப்பா அம்மாவைத் திருநகரிலிருந்து கே.கே. நகருக்கு மாற்றினோம். நான் இங்கிருந்தே வீடியோவில் பார்த்துக்கொண்டு, டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் கொடுக்கச் சொன்னேன். அவர்களுக்கு அன்றையக் கூலியே அவ்வளவுதானாம். மூன்று பேரும் பேய் அறைந்தது போல நின்றார்கள். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறினார். அவரிடம், "போன தடவை இந்த வீட்ல ஆயிரம் குடுத்தாங்க" என்றார்களாம். அவர் இன்னும் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளை – புதன், காலை 6.40

இதைத்தான் நேற்றிரவு முழுக்கச் சொன்னேன்.

தேனிரோடு – புதன், காலை 7.02

டல்லாஸ் அண்ணன் சொன்னதில் ஒரு திருத்தம், எனக்கும் அங்கே கொஞ்ச நாள் பழக்கம். ஓட்டல் சர்வர்களுக்கு அங்கே முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். மீதியை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் அங்கே பத்து, இருபது சதவீதம் என்று பில்லைப் பிடித்துக் கணக்குப் போடுகிறார்கள். சாமான் தூக்குகிறவர்களுக்கு அங்கேயும் முழுக் கூலி உண்டு, மேலே கொடுப்பது நம் விருப்பம். எல்லிஸ்நகர் அண்ணன் வீட்டம்மா சதவீதக் கணக்கை விட்டுவிடலாம். ஆள் கணக்கு, படிக்கணக்கு போதும்.

லோடுமேன் மகன் – புதன், பகல் 11.30

நேற்றிரவிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், அப்பா முப்பது வருஷம் கீழமாசி வீதியில் மூட்டை தூக்கினார். அந்தக் காலத்துச் சீனி மூட்டை நூறு கிலோ. தலையில் சும்மாடு, கையில் கொக்கி, வாயில் வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்றைக்கு வீடு மாற்றுகிற வேலைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். வேலை எனக்குத் தலையணையும் துடைப்பமும்தான்.

இங்கே ஒரு விஷயம் குழம்பியிருக்கிறது. டீக்காசு வேறு, சந்தோஷம் வேறு. டீக்காசு கூலியில் சேர்த்தி மாதிரி. காலையில் ஒரு தடவை, இறக்கி முடித்து ஒரு தடவை. அதைக் கேட்டு வாங்குவார்கள், கேட்பதில் வெட்கம் கிடையாது. சந்தோஷத்தை அப்பா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சாமானெல்லாம் வைத்த பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். அவ்வளவுதான். பாதிப் பேர், "சரிப்பா, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்துவார்கள். எனக்கு அந்த நிற்பதுதான் பிடிக்காது. "வாப்பா போலாம்" என்று கையை இழுத்திருக்கிறேன்.

மேஸ்திரியிடமோ வண்டிக்காரரிடமோ மொத்தமாகக் கொடுக்காதீர்கள். எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணூறு கொடுத்தீர்களா, ஆயிரமா என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. டீக்கடையில் அது சண்டையாகும். அவரவர் கையில், எல்லோர் கண்முன்னாலும், ஒரே தொகை. "இவர்தான் அதிகம் தூக்கினார்" என்று ஒருத்தருக்குக் கூடக் கொடுத்தால் நல்லது செய்வதாக நினைப்பீர்கள். அவர் அடுத்த வேலையில் மற்றவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தூக்க வேண்டியிருக்கும்.

தாராளமாக ஜிபே போடுங்கள், எல்லோரிடமும் போன் இருக்கிறது. ஆனால் சிலருக்கு வீட்டுக்காரம்மா கையில் இருக்கும் போனோடு சேர்ந்த கணக்கு. ரொக்கமா போனிலா என்று கேட்டுவிட்டால் புரிந்துகொள்வீர்கள் ;)

இன்னொன்று. வேலை நடுவில் நைசாக, "அப்படியே அந்த பேனையும் கழட்டிடுங்கண்ணே", "மொட்டை மாடித் தொட்டியையும் இறக்கிடுங்க" என்று சேர்த்துவிடுகிறோமே, அதற்கெல்லாம் காசு உண்டு. காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்காமல் நாம் நகர்வதில்லை. தூக்குகிறவர் நம்மிடம் கொசுறு எதிர்பார்த்தால் மட்டும் "பழக்கிவிடாதே" என்கிறோம்.

சுந்தரி அக்கா – புதன், பகல் 12.10

அந்தக் கொசுறு விஷயம் சுருக்கென்று பட்டது. இன்று காலையில்தான் கொத்தமல்லிக்குச் சண்டை போட்டேன்.

கணக்குப்பிள்ளை – புதன், பகல் 12.45

லோடுமேன் மகன், மரியாதையோடுதான் கேட்கிறேன். அவர்களுக்கென்று அரசு நலவாரியம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. நாம் வேறு ஏன் தனியாக?

லோடுமேன் மகன் – புதன், பகல் 1.20

வாரியம் இருக்கிறது அண்ணே. 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்து, அதன்கீழ் வந்தது. அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை வரும், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் வரும். என் பாலிடெக்னிக் காலத்தில் அப்பாவின் அட்டைக்கு ஒரு தொகை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். அப்பாவுக்கு 52 வயதில் முதுகுத்தண்டில் வட்டு விலகியது. 60 வரைக்கும் எட்டு வருஷம் இருந்தது.

ஒத்தக்கடை மாமா – புதன், பகல் 1.25

அப்பா இப்போது எப்படியப்பா இருக்கிறார்?

லோடுமேன் மகன் – புதன், பகல் 1.31

நன்றாக இருக்கிறார் மாமா. குனியச் சொன்னால்தான் கோபம் வரும்.

மல்லிகைப்பந்தல் – புதன், மாலை 5.50

வேறொரு கேள்வி. உடைத்துவிட்டால்? வில்லாபுரத்தில் எங்கள் வீடு மாறியபோது டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி போய்விட்டது. அம்மா சீதனமாகக் கொண்டுவந்தது. அப்புறமும் மேலே கொடுக்க வேண்டுமா?

சுந்தரி அக்கா – புதன், மாலை 6.15

எப்படி உடைந்தது என்பதைப் பொறுத்தது அம்மா. கண்ணாடியைக் கழற்றி, போர்வையில் சுற்றி, மெத்தைக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தி ஏற்ற வேண்டும், படுக்கப்போடக் கூடாது. இதை நாம் சொல்லியும் கேட்காமல் போட்டால் பேசலாம். நாமே ஒரு துணிகூடச் சுற்றாமல் வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பையன் ஊறுகாய் ஜாடியைப் போட்டு உடைத்துவிட்டு, சொல்லப் பயந்து துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் ஒளித்து வைத்திருந்தான். மூன்று நாள் கழித்து நார்த்தங்காய் வாசனை காட்டிக்கொடுத்தது.

பெரிய கம்பெனி வைத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் காப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், சாமான் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி ஆட்களுக்கும் மேலே கொடுப்பது வழக்கம்தான், ஏனென்றால் நீங்கள் கட்டுகிற தொகையில் தூக்குகிறவருக்குப் போவது நாள் கூலி மட்டும்தான்.

தேனிரோடு – புதன், மாலை 6.40

காசு கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் சிரமத்தைக் குறைக்கிற வழியைப் பாருங்கள் எல்லிஸ்நகர் அண்ணே. புத்தகத்தைப் பெரிய அட்டைப்பெட்டியில் போடாதீர்கள், கனம் தாங்காமல் அடி பிளந்துகொள்ளும். சின்னப் பெட்டி போதும். பிரிட்ஜை முந்தின நாளே காலி பண்ணி, அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாடிப்படியில் தண்ணீர் ஒழுகி, வழுக்குவது அவர்கள் கால்தான். வாஷிங் மெஷின் முன்பக்கம் திறப்பதாக இருந்தால், வாங்கியபோது பின்னால் இருந்து கழற்றிய நீளமான போல்ட்களைத் தேடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே டிரம் ஆடிப் போகும். அந்த மெஷினுக்குள் ஆட்டத்தைத் தடுக்கக் கான்கிரீட் கட்டி வேறு வைத்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது, தூக்கினால் தெரியும்.

வைகாசி வெயில். காலை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள்.

வைகைக்கரை – புதன், இரவு 8.05

ஒன்று சொல்ல மறந்தேன். தண்ணீர். சில வீடுகளில் தூக்குகிறவர்களுக்கு மட்டும் பேப்பர் கப் எடுத்து வருவார்கள். சுத்தத்துக்காக என்பார்கள். அதே வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு எவர்சில்வர் டம்ளர். நம் ஊர்ப்பக்கம் டீக்கடையில் குவளை பிரித்த கதை தெரிந்த யாருக்கும் அந்தக் கப் என்ன என்று தெரியும். 200 ரூபாயை அதற்குப் பிறகு கொடுத்து என்ன?

கணக்குப்பிள்ளை – புதன், இரவு 8.30

இதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொம்புதான். காசு விஷயத்தில் என் கருத்து அதேதான்.

எல்லிஸ்நகர்க்காரன் – புதன், இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: நாளைக்கே போன் போட்டு மூன்றாவது மாடி என்பதை மறுபடி சொல்லிவிடுவது. ஆளுக்கு 200, வண்டிக்காரருக்கும் உண்டு. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. மாறின பிறகு வந்து எழுதுகிறேன்.

எல்லிஸ்நகர்க்காரன் – பதினோரு நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

மாறிவிட்டோம். பால் காய்ச்சியது வெள்ளி, சாமான் போனது சனி. இன்னும் பாதிப் பெட்டி பிரிக்கவில்லை, போன் சார்ஜரைக் காணோம், இதை மகளுடைய போனில் எழுதுகிறேன்.

ஆறு மணிக்குச் சொல்லி ஆறே காலுக்கு வந்துவிட்டார்கள். மூன்று இளவட்டம், ஒரு பெரியவர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "ஆட்டுக்கல் யாரு சார் சொல்றது?" நான் சொல்லவே இல்லை. அம்மாவின் ஆட்டுக்கல், அம்மி, பால்கனியில் பதினான்கு தொட்டிச் செடி, மூன்றையும் சுத்தமாக மறந்திருந்தேன். கணக்குப்பிள்ளை அண்ணே, அந்த நிமிஷம் உங்களைத்தான் நினைத்தேன். "அதுக்குத் தனியா 500 வச்சுக்கங்க" என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

பீரோதான் நாடகம். அம்மா கல்யாணத்துக்கு வாங்கிய பழைய இரும்பு பீரோ, உள்ளே லாக்கர் வேறு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. கீழே நின்ற பையன் பெயர்கூட எனக்குத் தெரியாது. படி இறங்கும்போது கீழே நிற்பவர்மேல்தான் பாரம் முழுக்க என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, படி விளிம்பில் கால்விரலை ஊன்றி, கன்னத்தைப் பீரோ கதவோடு அழுத்தி நிற்கிறான். அந்தக் கதவில் என் தங்கை சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும், அது அவன் கண்ணுக்கு நேரே. மேலே இருந்து பெரியவர், "விட்ராத, விட்ராத, வலது கால் பின்னாடி, இன்னும் ஒண்ணு" என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறார். நான், "கவனம், கவனம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பெரியவர் என்னைப் பார்த்து, "சார், நீங்க கீழ போய் வண்டிகிட்ட நில்லுங்க" என்றார். போய்விட்டேன். கடைசியில் கதவிரண்டையும் கழற்றி, கூட்டை நிமிர்த்தித் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மதியம் புது வீட்டில் எல்லோரும் ஒரே ஹாலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் தயக்கம், மறைக்கவில்லை. ஆனால் பெரியவர் ஆட்டுக்கல்லைப் பின்கட்டில் வைத்து, குழவி வாகாகச் சுற்றுகிறதா என்று தன் கையால் சுற்றிப் பார்த்துச் சரிசெய்ததும் அம்மா மனது மாறிவிட்டது. "அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்று எனக்கே உத்தரவு.

அம்மா இன்னொன்றும் கேட்டார்: "கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வச்சுக் குடுத்தோமே, இவங்களுக்கு என்ன?" என்னிடம் பதில் இல்லை. துண்டு வாங்கி வைக்கவில்லை. 200 நினைத்ததை 300 ஆக்கி, நான்கு பேருக்கும் வண்டிக்காரருக்கும் அவரவர் கையில் கொடுத்தேன். கீழே நின்ற பையனுக்குத் தனியாகக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. லோடுமேன் மகன் சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது பெரியவர் மட்டும் தயங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது, இன்னும் கேட்கப்போகிறாரோ என்று. "அந்தப் பழைய வீட்டு மொட்டை மாடியில ஒரு நாடாக் கட்டில் கிடந்துச்சு. வேண்டாம்னா நான் எடுத்துக்கவா?" நாடா அறுந்து இரண்டு வருஷமாக மழையில் கிடந்த கட்டில். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போகிற வழியில் தானே மூன்று மாடி ஏறி எடுத்துக்கொண்டு போனாராம், வண்டிக்காரர் சொன்னார்.

லோடுமேன் மகன் – ஞாயிறு, மாலை 5.05

வேப்பங்கட்டையாக இருக்கும். நாடா மாற்றினால் இருபது வருஷம் வரும்.

கணக்குப்பிள்ளை – ஞாயிறு, மாலை 5.30

7,500, ஆட்டுக்கல்லுக்கு 500, மேலே 1,500. மொத்தம் 9,500, சாப்பாடு தனி. சும்மா சொன்னேன். வீடு நன்றாக அமையட்டும்.

மல்லிகைப்பந்தல் – ஞாயிறு, இரவு 8.15

வாழ்த்துகள் அண்ணா. அந்த வண்டிக்காரர் நம்பர் கிடைக்குமா? நாங்கள் ஆவணியில் அவனியாபுரம் பக்கம் மாறுகிறோம்.

எல்லிஸ்நகர்க்காரன் – ஞாயிறு, இரவு 8.22

தனிமடலில் அனுப்புகிறேன் தங்கச்சி. எத்தனையாவது மாடி, ஆட்டுக்கல் இருக்கிறதா, இரண்டையும் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.